குடித்துவிட்டு ஓட்டியது பெரியப்பா மகன், கால் முறிந்து கிடப்பது என் தங்கை. தெரிந்தே ஏறியவளுக்கும் குற்றத்தில் பங்கு உண்டா?

கிழக்குத்தெரு

எல்லோருக்கும் வணக்கம். பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் வீட்டில் பேச முடியாத நிலைமை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து ராத்திரி பதினொன்றேகாலுக்குக் கிளம்பிய கார் ஜி.எஸ்.டி. சாலையில் சென்டர் மீடியனில் ஏறிக் கவிழ்ந்தது. ஓட்டியது என் பெரியப்பா மகன். முன்சீட்டில் அவன் நண்பன், பின்னால் என் தங்கை. அவனுக்கு நெற்றியில் நாலு தையல், நண்பனுக்குச் சிராய்ப்பு. தங்கைக்கு வலது தொடை எலும்பு முறிந்து உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள், வலது மணிக்கட்டில் பிளேட். நடக்க இன்னும் நாலு மாசம் ஆகும் என்று டாக்டர் சொல்கிறார். அவள் பி.எட். இரண்டாம் வருஷம், பரீட்சை போச்சு.

அவன் குடித்திருந்தான். மண்டபத்துக்குப் பின்னால் நின்று குடித்ததை நானே பார்த்தேன், நான் அன்றைக்கு மண்டபத்திலேயே தங்கிவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வரவில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆரில் "நாய் குறுக்கே வந்ததால்" என்று இருக்கிறது. புகார் கொடுத்தது பெரியப்பா. தங்கை ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோதே எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. அவனுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்றால் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் சொல்வது மூன்று விஷயம். ஒன்று, அவன் துபாய் வேலைக்கு விசா வந்திருக்கிறது, கேஸ் ஆனால் போச்சு. இரண்டு, குடித்தான் என்று சொன்னால் இன்சூரன்ஸ் பணமே உங்களுக்குக் கிடைக்காது. மூன்றாவதுதான் என்னை உலுக்கிவிட்டது. "அவன் குடித்தது தெரிந்தே உன் தங்கச்சி ஏறினாள், போலீஸ் அவள் மேலேயும் கேஸ் போடும்" என்று பெரியப்பாவே சொன்னார். சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது உண்மையா?

ஒத்தையடி

மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. ஆனால் பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்து போலீஸ், குடித்து ஓட்டுபவரோடு கூட வருகிறவர்களுக்கும் பத்தாயிரம் அபராதம் என்று அறிவித்தது. என் ஆபீஸில் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்ததற்கே கட்டினார். ஆகவே ஏறினதும் தப்பு என்றுதான் சட்டம் பார்க்கிறது. குடும்பத்துக்குள் பேசி முடிப்பது நல்லது என்பது என் கருத்து.

வக்காலத்து

வணக்கம் கிழக்குத்தெரு. ஒரு மாவட்ட கோர்ட்டில் பதினாறு வருஷமாக எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளும் விபத்து கிரிமினல் வழக்குகளும் பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

ஒத்தையடி அண்ணா சொன்ன அந்த அபராதம் மோட்டார் வாகனச் சட்டம் 188-ஆவது பிரிவின்படி. 184, 185, 186 ஆகிய பிரிவுகளில் வரும் குற்றங்களுக்கு உடந்தையாக இருந்தால் அதே தண்டனை என்கிறது அது. ஆனால் உடந்தை என்பதற்குச் சட்டத்தில் அர்த்தம் இருக்கிறது. தூண்டிவிட வேண்டும், கூட்டுச் சேர்ந்து திட்டம் போட வேண்டும், அல்லது வேண்டுமென்றே உதவ வேண்டும். சாவியை எடுத்துக் கொடுத்தவன், பாட்டில் வாங்கிக் கொடுத்து "ஓட்டுடா பார்த்துக்கலாம்" என்றவன், இவர்களெல்லாம் அதில் வரலாம். ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்ப வேறு வழியில்லாமல் அண்ணன் முறை உள்ளவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்த பெண் எப்படி வருவாள்? உங்கள் தங்கையை மிரட்டி வாயை அடைக்க அந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

"தெரிந்தே ஏறினாள்" என்பது ஓட்டியவனுக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. உதவாது. பதினெட்டு வயது தாண்டியவர் சம்மதித்து ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 25-ஆவது பிரிவு. ஆனால் 29-ஆவது பிரிவு அதற்கு வேலி போட்டிருக்கிறது. யாருக்கும் காயமே ஆகாவிட்டாலும் குற்றமாக இருக்கும் செயலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. குடித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் தொட்டாலே குற்றம். ஆகவே அவள் சம்மதித்தாளா, ஏன் ஏறினாள், இறங்கியிருக்கலாமே என்ற பேச்செல்லாம் கிரிமினல் வழக்கில் அவனைக் காப்பாற்றாது. "போதையில் இருந்தேன், தெரியவில்லை" என்றும் சொல்ல முடியாது, தானாகக் குடித்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

நஷ்டஈட்டு வழக்கில் மட்டும் இன்சூரன்ஸ் வக்கீல் "தெரிந்தே ஏறினார், தொகையைக் குறையுங்கள்" என்று வாதிடலாம். அது பணத்தைப் பற்றிய வாதம். குற்றத்தைப் பற்றியது இல்லை.

நெடுஞ்சாலை_வாசி

நான் 22 வருஷம் லாரி ஓட்டினவன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். செத்துப் போயிருந்தால் பெரிய கேஸ், காலொடிந்தால் சின்ன கேஸா? இரண்டுக்கும் அவன் செய்த தப்பு ஒன்றுதானே. நாலு அடி தள்ளி மோதியிருந்தால் அந்தப் பிள்ளை இல்லை.

வக்காலத்து

நியாயமான கேள்வி அண்ணா, எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. இப்போது இருக்கிற நிலைமையைச் சொல்கிறேன். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்து என்பதால் பாரதிய நியாய சன்ஹிதா. கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு 281, ஆறு மாதம் வரை. அதனால் கொடுங்காயம் ஏற்பட்டதற்கு 125(பி), மூன்று வருஷம் வரை அல்லது பத்தாயிரம் அபராதம் அல்லது இரண்டும். பழைய ஐ.பி.சி. 338-இல் இது இரண்டு வருஷமும் ஆயிரம் ரூபாயுமாக இருந்தது. எலும்பு முறிந்தாலே கொடுங்காயம், அதில் சந்தேகம் வேண்டாம். "எந்த நபருக்கும்" என்றுதான் சட்டம் சொல்கிறது. ரோட்டில் நடப்பவர், எதிரே வருபவர், வண்டிக்குள் இருப்பவர், பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர், எல்லோரும் அதில் அடக்கம்.

அப்புறம் குடித்ததற்குத் தனியாக மோட்டார் வாகனச் சட்டம் 185. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவை ஆறு மாதம் வரை அல்லது பத்தாயிரம் அல்லது இரண்டும். இரண்டாம் தடவை என்றால் இரண்டு வருஷம் வரை, பதினைந்தாயிரம்.

இதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் மேல் கார் ஏறி ஏழு பேர் செத்தார்கள். அலிஸ்டர் பெரைரா வழக்கு. கீழ்க் கோர்ட் ஆறு மாதம் கொடுத்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்று விடாமல், மரணம் நேரும் என்று தெரிந்தே செய்த கொலையாகாத மரணம் என்று எடுத்து மூன்று வருஷம் ஆக்கியது, 2012-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அந்த "தெரிந்தே செய்தது" என்கிற அளவுகோலை வைத்துத்தான் யாரும் சாகாத வழக்கில்கூட பி.என்.எஸ். 110 போட முடியும். காயம் ஏற்பட்டிருந்தால் அதில் ஏழு வருஷம் வரை உண்டு, செஷன்ஸ் கோர்ட் விசாரிக்கும். ஆனால் ஒவ்வொரு குடிபோதை விபத்துக்கும் அது நிற்காது, மிதமிஞ்சிய போதையும் வெறித்தனமான ஓட்டமும் ஆதாரத்தோடு இருக்க வேண்டும். இந்த வழக்கில் ரத்தப் பரிசோதனையே இல்லை என்றால் நான் அதில் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

டூட்டி_ரூம்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த ரத்தப் பரிசோதனை விஷயத்தைப் பலபேர் புரிந்துகொள்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

ரத்தத்தில் இருக்கிற ஆல்கஹால், நூறு மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே போகும், சிலருக்கு இன்னும் வேகம். ராத்திரி பதினொன்றரைக்கு 120 இருந்தவனுக்குக் காலை ஏழரைக்கு ஒன்றுமே இருக்காது. "அவருக்கு மயக்கமாக இருக்கிறது, காலையில் எடுத்துக்கலாம்" என்று உறவுக்காரர்கள் வந்து கெஞ்சுவது இதற்காகத்தான். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எடுக்கும்போது ஊசி போடுகிற இடத்தில் ஸ்பிரிட் பஞ்சு தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கோர்ட்டில் அதை வைத்தே உடைத்துவிடுவார்கள். பாட்டிலில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும், சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். 2024 மே மாதம் புனே கல்யாணி நகர் போர்ஷ் கார் விபத்தில் ரத்த மாதிரியை மாற்றிய புகாரில் டாக்டர்களே கைதானார்கள் என்றால் அந்தச் சின்ன பாட்டிலுக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.

தம்பி, உங்கள் அண்ணனுக்குத் தையல் போட்டார்கள் இல்லையா, அப்படியானால் அவனுக்கும் ஏ.ஆர்., அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவு, எழுதியிருப்பார்கள். விபத்து என்று வந்தால் பதிவேட்டில் எழுதாமல் விட மாட்டோம். மது வாசனை இருந்தால் டூட்டி டாக்டர் அதையும் ஒரு வரி எழுதுவார், சில பேர் விட்டுவிடுவார்கள். உங்கள் தங்கையுடைய ஏ.ஆர். காப்பியில் "எப்படி நடந்தது" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சுயநினைவோடு வந்தவர் தன் வாயால் சொன்னது அங்கேதான் முதலில் பதிவாகும். எஃப்.ஐ.ஆருக்கு முன்னால்.

கிழக்குத்தெரு

அக்கா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "காரின் பின்சீட்டில் பயணித்தபோது கார் அதிவேகமாகச் சென்று மீடியனில் மோதியதாகக் கூறுகிறார்" என்று இருக்கிறது. நாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கை நடுங்குகிறது.

வக்காலத்து

அந்தத் தாளை லேமினேஷன் போடாதீர்கள், மடிக்காதீர்கள், நாலு நகல் எடுங்கள்.

வாசனை, தள்ளாட்டம் இதையெல்லாம் மட்டும் வைத்துக் குடிபோதை நிரூபணமாகாது என்று 1971-லேயே உச்சநீதிமன்றம் பச்சுபாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் 185 இந்த வழக்கில் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 281-க்கும் 125(பி)-க்கும் குடித்ததை நிரூபிக்கவே தேவையில்லை! நிதானமான மனுஷன் ஓட்டாத மாதிரி ஓட்டினானா என்பதுதான் கேள்வி. உங்கள் தங்கை "மெதுவாப் போண்ணா என்று சொல்லியும் கேட்கவில்லை" என்றால் அதுவே பெரிய சாட்சியம். டோல் பிளாசா கேமரா, ஃபாஸ்டேக் நேரம், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், டயர் தடம், அந்த நண்பனின் வாக்குமூலம், எல்லாம் சேரும். கேமரா பதிவுகள் வெகு நாள் இருக்காது, இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

இனி இன்சூரன்ஸ். வீட்டில் ஏன் இவ்வளவு பயம் என்று எனக்குப் புரிகிறது, அதைச் சொன்னால் உங்களுக்கும் புரியும். காருக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் உள்ளே உட்கார்ந்து வந்தவருக்கு நஷ்டஈடு கிடைப்பது கடினம். பேக்கேஜ் பாலிசி என்றால் உள்ளே இருப்பவரும் சேர்த்தி, அதை உச்சநீதிமன்றம் 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் சொல்லிவிட்டது. முதலில் பாலிசி காப்பியை வாங்கிப் பாருங்கள். ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதைக் காரணமாகச் சொல்லி எதிர்க்கக் கம்பெனிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆவது பிரிவில் இப்போது வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கோர்ட்கள் பாதிக்கப்பட்டவரைக் கைவிடுவதில்லை. கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடமும் ஓட்டியவரிடமும் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுகின்றன. கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் குடிபோதை வழக்கிலேயே இப்படிச் சொன்னது. வண்டி யார் பேரில் இருக்கிறது? பெரியப்பா பேரில் என்றால், கம்பெனி வசூலுக்கு வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில். உங்களுக்குப் பணம் வராது என்று அவர் சொன்னது அவருடைய பயம்.

மனு போட ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. தள்ளிப் போடாதீர்கள்.

கிழக்குத்தெரு

வண்டி பெரியப்பா பேரில்தான்.

ஒத்தையடி

வக்கீல் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். "குடும்பத்துக்குள் பேசி முடிப்பது நல்லது" என்று அவசரப்பட்டு எழுதியதற்கு வருத்தப்படுகிறேன் தம்பி. என் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களை இந்த இடத்தில் வைத்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

கரைசேராதவன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. எழுதுகிறேன்.

நான் அந்த அண்ணன் இருந்த இடத்தில் இருந்தவன். 2011-இல், பைக்கில், நாலு பீர் குடித்துவிட்டு, பின்னால் என் சினேகிதன். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதினேன். எனக்குத் தோள்பட்டை. அவனுக்கு வலது கண் போய்விட்டது. அன்றைக்கு என் அப்பா, மாமா எல்லாரும் ஓடி அலைந்து எதிரே வந்த வண்டி லைட் அடித்ததால் நடந்தது என்று எழுத வைத்தார்கள். அவன் வீட்டில் ஏழை. பணம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள், கோர்ட்டில் சமரசம் ஆனது, நான் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை.

நடந்தது இதுதான். எட்டு மாதத்தில் நான் மறுபடி குடித்துவிட்டு வண்டி ஓட்டினேன். அப்படியே இரண்டு வருஷம். ஏனென்றால் என்னிடம் யாருமே, ஒருத்தர்கூட, "நீதான் அவன் கண்ணை எடுத்தாய்" என்று சொல்லவில்லை. எதிரே லைட் அடித்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். அவன் எங்கள் ஊர்க் கடைத்தெருவில்தான் இருக்கிறான், என்னைப் பார்த்தால் தலையாட்டுவான். அவனிடம் போலீஸ் ஒரு தடவைகூட என்ன நடந்தது என்று கேட்டதில்லை, பெட்டில் கிடந்தவனைக் கேட்காமலே முடித்துவிட்டோம்.

உங்கள் பெரியப்பா மகனை ஜெயிலில் போடுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் உங்கள் தங்கை வாயால் நடந்ததைச் சொல்லவிடுங்கள். தயவு செய்து.

நெடுஞ்சாலை_வாசி

கரைசேராதவன் தம்பி, இதை எழுத நெஞ்சு வேண்டும். அந்த நண்பரிடம் இன்றைக்காவது போய் இந்த வார்த்தையைச் சொல்லுங்கள்.

வெள்ளிமணி

வக்கீல் அம்மாவிடம் ஒரு சந்தேகம். வாக்குமூலம் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாதா? நாளைக்கு அவர்களே மனசு மாறிச் சமாதானம் ஆக நினைத்தால்?

வக்காலத்து

125(பி) கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யக்கூடியது. ஆனால் அதைச் செய்யும் உரிமை காயம்பட்டவருக்கு மட்டும்தான், பெரியப்பாவுக்கோ அப்பாவுக்கோ இல்லை. 281-ஐ அப்படி முடிக்க முடியாது, அது ரோட்டில் போகிற எல்லாருக்கும் எதிரான குற்றம். ஆகவே உண்மையைச் சொல்வதால் கதவு மூடாது. கதவின் சாவி அந்தப் பெண் கையில் வரும். அவள் மன்னிக்க நினைத்தால் நடந்தது என்ன என்று பதிவான பிறகு மன்னிக்கட்டும். நாயை மன்னிக்கச் சொல்லி இப்போது கேட்கிறார்கள்.

கிழக்குத்தெரு

எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். போனைக் கொடு, நானே எழுதுகிறேன் என்றாள். கீழே அவள்தான்.

கிழக்குத்தெரு

வணக்கம். இடது கையில் டைப் செய்கிறேன், தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

அவன் குடித்தது எனக்குத் தெரியும். அதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன், ஏனென்றால் மூன்று வாரமாக அதையே சொல்லி என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். கடைசி பஸ் போய்விட்டது. அம்மாவுக்குப் போன் செய்து அண்ணன் குடித்த மாதிரி இருக்கிறது என்றேன், சரி மெதுவாகப் போகச் சொல்லு, ராத்திரி நேரத்தில் வேற யார் கூட வருவாய் என்றார்கள். அம்மாவையும் நான் குறை சொல்லவில்லை. டோல் தாண்டினதும் டீ கடையில் நிறுத்து அண்ணா, நான் இறங்கிக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். பக்கத்தில் இருந்தவரும் "மச்சான் நிறுத்துடா" என்றார். அவன் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகப் போனான். நாய் எதுவும் வரவில்லை. ரோடு காலியாக இருந்தது.

அவன் துபாய் போகக் கூடாது என்று எனக்கு ஆசை இல்லை. சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டினவன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தான், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றான், நாய் வந்துச்சுல்ல என்று என்னிடமே கேட்டான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் சொல்லத் தயார். ஸ்டேஷனுக்கு என்னால் போக முடியாது. கையெழுத்து இடது கையால் போட்டால் செல்லுமா?

வக்காலத்து

செல்லும் அம்மா. ஸ்டேஷனுக்கு நீ போக வேண்டியதே இல்லை, பெண்ணை விசாரிக்க அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 179. போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, அதனால் நீ சொல்லாததையும் உன் பேரில் எழுதிவிட முடியும். ஆகவே முதலில் நீ இங்கே எழுதினதையே தேதி போட்டு, இடது கைக் கையெழுத்தோடு விசாரணை அதிகாரிக்கும் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வை. அதிலேயே மாஜிஸ்திரேட் முன் 183-இல் வாக்குமூலம் பதிவு செய்ய அதிகாரி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கேட்போம், நாமாக நேரே போனால் எடுக்க மாட்டார்கள். "நிறுத்து என்று இரண்டு தடவை சொன்னேன்" என்ற வரியையும், முன்சீட்டில் இருந்தவர் சொன்னதையும் விட்டுவிடாதே. அம்மாவுக்குப் போன் செய்த நேரம் உன் போனில் இருக்கும், அதைப் படம் எடுத்து வை, போனை மாற்றாதே.

கிழக்குத்தெரு, தனிச்செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர். நகல், பாலிசி, நாலும் எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை பத்து மணிக்கு முன்னால் வாருங்கள், பத்தரைக்கு எனக்குக் கோர்ட்.

கிழக்குத்தெரு

வருகிறேன் அக்கா. பாலிசி பெரியப்பா வீட்டில் இருக்கிறது. நாளைக்குக் காலையில் நானே போய்க் கேட்கிறேன்.